சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன்

கீழே நின்றால் ஒரு கோடு.
பரணில் ஏறினால் மூன்று.
ஆனைக்குப் பயந்து உயர்த்திக் கட்டினது
சிக்னலுக்கு வசதியாய்ப் போயிற்று.

சம்மாந்துறைக்கு மேற்கே, போடியாரின் ஆறு ஏக்கர்.
குடலைப் பருவம்.
ஒரு ராவுக்கு ஆயிரத்து ஐநூறு.
சாக்குப் பையில் நாலு ஆனைவெடி, ஒரு லைட்டர்,
றொட்டிக்கடையில் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க்.

இஷாவுக்குப் பிறகு தொடங்குவேன்.
ஆரோ ஒருத்தன் சோப்புக்கட்டியைச் சீவுகிறான்.
ஆரோ ஒருத்தி மையித்து வீட்டில் அழுகிறாள்,
அவள் மூக்கைத் துடைக்குமுன்
ஒரு பூனை பியானோ வாசிக்கிறது.
பெருவிரலுக்கு இரக்கமும் இல்லை, அலுப்பும் இல்லை.
பேட்டரி பதினெட்டு என்று காட்டும்போதுதான்
கால் மரத்துப்போனது தெரியவரும்.

மூன்று கட்டை தள்ளி, வீட்டில்,
றிபாயாவும் முழித்திருக்கிறாள்.
அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி
ஒன்று நாற்பதுக்கும் எரிகிறது.
என்ன பார்க்கிறாய் என்று நான் கேட்டதில்லை.
அவளும் கேட்டதில்லை.
எட்டு வருசக் கலியாணத்தில்
ஆளுக்காள் இப்படி விடியவிடிய
விளக்கெரித்து வைத்ததும் இல்லை.

அடுத்த கண்டத்துப் பரணில் வீரமுனைத் தவநேசன்.
இருட்டில் அவன் முகம் மட்டும் நீலமாய்த் தொங்கும்.
என் படத்துக்கு அவன் சிரிப்புப் போடுவான்,
அவன் படத்துக்கு நான் கைதட்டுப் போடுவேன்.
இடையில் கூப்பிடு தூரம்தான்.
கூப்பிடத்தான் ஒருத்தருமில்லை.

அன்றைக்கு வந்தது
ஏதோ தேசத்து ஆனைக்குட்டி.
வத்தகப்பழத்தை முழுசாய் வாயில் வைத்து
நொறுக்கென்று கடிக்கிறது.
நல்ல சத்தம்.
திரும்பப் போட்டேன். திரும்பவும் போட்டேன்.
வயல் முழுக்கக் கேட்குமே என்று
சத்தத்தைக் குறைத்தேன்.

குறையவில்லை.

இன்னும் குறைத்தேன். பூச்சியம்.
நொறுக். நொறுக். சரக்.
போனைக் காதில் வைத்துப் பார்த்தேன், மடையன்.
பிறகுதான் தலையைத் தூக்கினேன்.

பரணுக்குப் பத்து முழத்தில்
ஒரு சுவர் நின்று வேளாண்மை தின்றது.
கட்டுக்கட்டாய்ப் பிடுங்கி,
முன்காலில் தட்டி மண்ணை உதறி,
ஒரு அவசரமும் இல்லாமல்.

கை சாக்குப் பைக்குத்தான் போனது என்று
போடியாரிடம் சத்தியம் பண்ணினேன்.
போகவில்லை.
நாற்பத்தேழு செக்கன் எடுத்தேன்,
அசையாமல், போனைக் கிடையாகப் பிடித்து.
அதற்குப் பிறகுதான் வெடி.

சுபஹுக்கு முன்னம் ஆறாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.
டோஹாவிலிருந்து போடியாரின் மகன்
முதலில் ஒரு இதயம் போட்டான்.
கால்மணி கழித்துக் கோல் எடுத்தான்:
"காக்கா, இது நம்மட வயலா?"

கூலியில் வெட்டு.
அடுத்த ராவு போனையே அணைத்துவிட்டுக்
காதைத் திறந்து வைத்திருந்தேன்.
தவளை. வாய்க்கால். எங்கேயோ நாய்.
நுளம்புக்கு இத்தனை குரலா.
கை மட்டும் மடியில் கிடந்து
தொடையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது,
மேலே, மேலே, மேலே.

இரண்டு மணிக்கு வரம்பில் வெளிச்சம்.
வெடித்திரிக்கு நெருப்பை நீட்டிவிட்டேன்.
"போட்டுடாதீங்க மச்சான், நான்தான்!"
றிபாயாவின் தம்பி. முழங்கால்வரை சேறு.
ஒரு செருப்பைக் காணோம்.
"உங்கட பச்சை அணைஞ்சு கிடக்காம்,
கோலும் போகுதில்லையாம்.
ஆனை அடிச்சிட்டுதெண்டு
ராத்தா ஒழுங்கையையே எழுப்பிட்டா."

அவன் போனில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
கனநேரத்துக்குப் பிறகு
"வெச்சிடாதீங்க" என்றாள்.

இப்போது போனைக் கவிழ்த்து வைக்கிறேன்,
சாக்குக்குள், வெடிகளுக்குப் பக்கத்தில்.
அவளுக்காக எரியட்டும்.
அரைமணிக்கொருதரம்
சாக்குக்குள் கை போகிறதுதான்,
பனியில் வெடி நனைந்துவிட்டதா என்று பார்க்க.